சுருட்டும் கையும் ‘எளிய வேலை’ என்னும் சொல்லும்

கல்லூரி வளாகங்களை ஒட்டிய பெட்டிக்கடைகளில் சிகரெட்டுப் பெட்டிகளுக்கு அருகே மெல்லிய சுருட்டுத்தாள் தொங்குவது இன்று இந்திய நகரங்களில் பழகிப்போன காட்சி. தாளின் ஓர் ஓரத்தில் பசை. வடிப்பானாக மடித்துக்கொள்ளக் கூடவே ஒரு சிறு அட்டை. அத்தாளை வாங்கிக் கையால் சுருட்டத் தெரிந்த மாணவருக்கு நண்பர் குழுவில் தனி மதிப்பு உண்டு. தூள் ஒரே சீராகப் பரவ வேண்டும். இறுக்கினால் காற்று செல்லாது. தளர்த்தினால் ஒரு பக்கமாக எரியும். பசை ஓரத்தை நனைத்து ஒட்டும் கணத்தில் விரல் நடுங்கக் கூடாது. இவ்வளவும் கைவந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘கலை’, ‘நேர்த்தி’, ‘கைப்பக்குவம்’ ஆகிய சொற்கள் தாமாக வந்து விழுகின்றன. உள்ளே வைப்பது புகையிலையானால் அது வரி கட்டிய பொருள். கஞ்சாவானால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் குற்றம். இரண்டும் உடலுக்குக் கேடு என்பதில் விவாதமில்லை. இங்கு எழும் கேள்வி வேறு. ஏறத்தாழ அதே கை அசைவை நாள்தோறும் ஆயிரம் முறை செய்யும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொற்கள் எங்கே போய்விடுகின்றன?

அரசுக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 50 இலட்சம் பீடித் தொழிலாளர்கள் உள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், மத்தியப் பிரதேசத்தின் சாகர், மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், கர்நாடகத்தின் நிப்பாணி, தெலங்கானாவின் நிஜாமாபாத், தமிழ்நாட்டின் திருநெல்வேலி, வேலூர் என்று அவர்களின் ஊர்கள் நீள்கின்றன. பேசும் மொழிகள் வேறு. மடியில் இருக்கும் தட்டு ஒன்றுதான். நீரில் ஊறவைத்த தெந்து இலையை அளவுத் தகட்டின்மேல் வைத்துக் கத்தரியால் நறுக்க வேண்டும். நரம்பு குறுக்கே போனால் சுருட்டும்போது இலை கிழியும். ஆகவே ஒவ்வோர் இலையையும் பார்த்தே வெட்டும் திசையை முடிவுசெய்ய வேண்டும். பிறகு ஒரு சிட்டிகைத் தூள், பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு சுருட்டு, நூல் கட்டு, முனை மடிப்பு. ஒரு நாளில் 500 முதல் 1,000 வரை சுற்றுவது வழக்கம். ஆயிரம் பீடியைப் பத்து மணி நேரத்தில் முடிப்பதாகக் கொண்டால், இலை நறுக்குவது உட்பட ஒன்றுக்கு 36 விநாடி. இலைக்குப் பசை ஓரம் கிடையாது. ஆலையில் ஒரே அளவாக வெட்டிய தாளும் அன்று அது. ஒவ்வோர் இலையும் தடிமனில், ஈரத்தில், நரம்போட்டத்தில் வேறுபடும். அவ்வேறுபாடு அத்தனையையும் தன்னுள் வாங்கி, ஒரே எடையும் ஒரே வடிவமும் கொண்ட ஆயிரம் பொருளாக மாற்றித் தருவது அந்தக் கை.

அதைத் திறன் என்று அழைக்காமல் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு பெருமளவு சொற்களின் வரலாறு.

முதலில் பொருளின் பெயரைப் பார்க்கலாம். ‘சுருள்’ என்பதன் பிறவினை ‘சுருட்டு’. அவ்வினையே பெயராகிப் புகையிலைச் சுருட்டைக் குறித்தது. ஐரோப்பியர் அதைக் காதால் கேட்டுக் கொண்டுபோனதில் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. ‘பீடி’ வடக்கிலிருந்து வந்த சொல். வெற்றிலைச் சுருளைக் குறிக்கும் ‘பீடா’வோடு அது உறவுடையது, அதன் வேர் வடமொழியின் ‘வீடிகா’ வரை செல்லும். ஆக, இருவேறு மொழிக்குடும்பங்களும் இப்பொருளுக்குச் சுருட்டும் செயலிலிருந்தோ சுருளின் வடிவத்திலிருந்தோதான் பெயர் எடுத்திருக்கின்றன. பெயரில் கையின் வேலை பதிவாகியிருக்கிறது. கைக்கு உரியவரோ அதில் இல்லை. நெய்பவர் நெசவாளர்; மரம் இழைப்பவர் தச்சர்; இரும்பு அடிப்பவர் கொல்லர். பீடி சுற்றுபவருக்கு அப்படியொரு தனிப்பெயர் தமிழில் நிலைபெறவில்லை. ‘பீடித் தொழிலாளி’ என்ற கூட்டுச்சொல் சங்க மேடையிலும் அடையாள அட்டையிலும் வாழ்கிறது. வீட்டு வாசலில் அது ‘சும்மா இருக்கிற நேரத்தில் பீடி சுற்றுகிறாள்’ என்று கரைந்துபோகிறது. ‘சுருட்டு’ என்ற வினைக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. பிறர் உடைமையை அள்ளிக்கொண்டு போவதையும் ‘சுருட்டுதல்’ என்கிறார்கள். இத்தொழிலின் கணக்கு வழக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த இரட்டைப் பொருள் தற்செயலாகத் தோன்றாது.

பெயரின்மை பண்பாட்டுச் செய்தி மட்டுமாக இருந்திருந்தால் அதை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் ‘தொழிலாளி’ என்ற ஒரு சொல் தங்களுக்குப் பொருந்துமா என்பதற்காகப் பீடி சுற்றுவோர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. மத்திய இந்தியாவின் பீடி நிறுவனங்கள் ‘சட்டேதார்’ எனப்படும் இடைத்தரகர் வழியே இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்கின. 1958இல் தீர்ப்பான சிந்தாமன் ராவ் வழக்கில், சட்டேதார்கள் சுதந்திரமான ஒப்பந்ததாரர்கள் என்றும், அவர்களும் அவர்களிடம் வேலை செய்தோரும் தொழிற்சாலைச் சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளர்’ அல்லர் என்றும் நீதிமன்றம் கொண்டது. 1960களின் தொடக்கத்தில் சங்கர் பாலாஜி வாஜே வழக்கு வந்தது. அதில் இருந்தவர் ஆலைக்கே வந்து சுற்றியவர். விரும்பிய நேரத்தில் வரலாம், போகலாம். எப்படிச் சுற்ற வேண்டும் என்று எவரும் மேற்பார்க்கவில்லை. ஆகவே அவரும் ‘தொழிலாளி’ அல்லர் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அதே காலத்தில் வந்த பிர்திசந்த் சர்மா வழக்கு வேறு திசையில் போயிற்று. அன்றாடம் மாலையில் தரமற்ற பீடிகளைக் கழிக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது, அதுவே கட்டுப்பாடு, கட்டுப்பாடு இருப்பதால் சுற்றுபவர் தொழிலாளியே என்று அங்கு முடிவாயிற்று. 1964இல், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற திவான் மொகிதீன் சாகிப் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்னே வைத்தது. இடைத்தரகர் என்பவர் நிறுவனத்தின் முகவரே. அவர் வழியே இலை வாங்கி வீட்டில் சுற்றுவோரும் நிறுவனத்தின் ஊழியர்களே என்று அத்தீர்ப்பு கூறியது. வீட்டிலிருந்து உழைப்போரின் உரிமை வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

ஆனால் அந்த நல்ல தீர்ப்புகள் எந்தத் தருக்கத்தின்மேல் நின்றன என்பதைச் சற்று உற்றுப்பார்க்க வேண்டும். மேற்பார்வை இல்லாமல் கட்டுப்பாடு எப்படி இருக்க முடியும் என்ற கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடை, இவ்வேலை எளிய தன்மையுடையது என்பது. எளிய வேலையாதலால் எந்நேரமும் அருகில் நின்று பார்க்க வேண்டியதில்லை. நாள் முடிவில் கழித்துக்காட்டினால் போதும். தொழிலாளி என்ற உரிமை அவர்களுக்குக் கிடைத்தது ‘எளிமை’ என்ற சொல்லைப் படிக்கல்லாகக் கொண்டுதான். அச்சொல் அன்று சட்டத்தின் கதவைத் திறந்தது. அதன் நிழல்தான் கூலிப் பேச்சின்மேல் இன்றும் கிடக்கிறது.

இதே செய்தியை மறுபுறமாகவும் வாசிக்கலாம். மேற்பார்வை தேவைப்படாததற்குக் காரணம் வேலையின் எளிமைதானா? வேலை செய்பவரின் தேர்ச்சியாகவும் இருக்கலாம் அல்லவா? சிற்பியின் அருகில் நின்று உளியைச் சாய்த்துப் பிடி என்று எவரும் சொல்வதில்லை. அறுவை மருத்துவரின் விரலை மருத்துவமனை நிர்வாகி பிடித்து நடத்துவதில்லை. அங்கெல்லாம் மேற்பார்வையின்மை ‘தற்சார்பு’, ‘நிபுணத்துவம்’ என்று பெயர் பெறுகிறது. ஒரே உண்மைக்கு இரண்டு பெயர். எந்தப் பெயர் யாருக்குப் போகிறது என்பதைச் செயலின் கடினம் முடிவுசெய்வதில்லை. செய்பவரின் சமூக இடம் முடிவுசெய்கிறது.

சொல்லாமல் அறியும் அறிவு பற்றி மைக்கேல் பொலானி எழுதிய நூல் வெளிவந்தது 1966இல். மனிதர் தாம் விளக்கிச் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறார்கள் என்பது அதன் மையக் கருத்து. அதே 1966இல்தான் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. ‘வீட்டுத் தொழிலாளி’ என்பவர் யார் என்று வரையறுத்து, அவரையும் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் அச்சட்டம் கொண்டுவந்தது. விடுப்பு, மகப்பேற்று உரிமை முதலியவற்றுக்கு வழி வகுத்தது. பொலானியின் நூல் கருத்தரங்குகளில் மேற்கோளாகிக்கொண்டே இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் அறிவியலாளரின் உள்ளுணர்வைப் பற்றியது. இலை நரம்பை விரல் நுனியால் வாசிக்கும் பெண்ணின் அறிவுக்கு அவ்வரங்குகளில் இடம் கிடைப்பது அரிது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கத்தக்கது. பீடி சுற்ற எவரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரிந்த ஒன்றை எப்படித் திறன் என்பது? இம்மறுப்புக்கு டயான் எல்சன், ரூத் பியர்சன் ஆகிய இருவரும் 1981இலேயே விடை தந்துவிட்டனர். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் பெண்களின் ‘துரித விரல்கள்’ இயற்கையாக அமைந்தவை என்று சொல்லப்படுவதை அவர்கள் ஆராய்ந்தனர். அத்துரிதம் சிறுவயது முதல் வீட்டுக்குள் தையலிலும் பிற வேலைகளிலும் பயின்று வந்தது. பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் பயிற்சியாகவே எண்ணப்படவில்லை. எண்ணப்படாததால் கூலியில் சேரவில்லை என்பது அவர்களின் முடிவு. மரியா மீஸ் ஆந்திரத்தின் நரசாபூரில் சரிகைப் பின்னல் செய்த பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூலும் இதே இடத்தைத் தொடுகிறது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்துகொண்டிருந்த அப்பெண்கள் ‘ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகள்’ என்றே கருதப்பட்டனர். அக்கருத்தே கூலியைத் தாழ்த்தி வைக்கும் கருவியாக இருந்தது.

பீடித் தொழிலில் ‘வீடு’ என்ற சொல் செய்திருக்கும் வேலையும் இத்தகையதே. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன் அட்டவணையில் பீடி தயாரிப்பைத் தொடக்கத்திலேயே சேர்த்தது. ஆனால் அதன் சொல்லாட்சி புகையிலைத் ‘தொழிற்கூடம்’ பற்றியது. வேலை கூடத்தைவிட்டு வீட்டுக்கு நகர்ந்தபோது விளக்கம், மின்கட்டணம், முதுகுவலி, புகையிலைத் தூசி ஆகிய அனைத்தும் கூடவே வீட்டுக்கு வந்தன. உரிமை மட்டும் வாசலில் நின்றுவிட்டது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி தயாரிப்பைத் தடைசெய்யப்பட்ட செய்முறைகளின் பட்டியலில் வைத்தது. அதேவேளை, குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்கும் அளித்தது. பள்ளி விட்டு வந்த சிறுமி தாயின் தட்டருகே அமர்ந்து முனை மடித்தபோது அவள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆகவில்லை, மகளாகவே இருந்தாள். அவள் அங்கு கற்றதுதான் பின்னாளில் ‘எவருக்கும் வரும் எளிய வேலை’ ஆயிற்று.

அடுத்த சொல் ‘கழிவு’. மாலையில் பீடிக்கட்டுகளைக் கொடுக்கும் இடத்தில் கணக்கர் கைவிட்டுப் பார்த்துத் தரமில்லை என்று ஒதுக்குவது கழிவு. குறைத்தலும் குப்பையும் அச்சொல்லில் ஒன்றாக இருக்கின்றன. தூள் கூடிவிட்டது, வாய் சரியில்லை, இலையில் ஓட்டை என்று காரணங்கள் பல. இலையைத் தேர்ந்தவர் அப்பெண் அல்லர், கொடுத்தது நிறுவனம். ஓட்டை இலை கொடுத்தால் நல்ல பீடி எண்ணிக்கை குறையும். குறைந்ததை ஈடுகட்ட அவளே கடையில் இலை வாங்க வேண்டும். கழித்த பீடிகளை அழிக்காமல் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குக் கூலி மட்டும் தராமல் விடுவது உண்டு என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. மூலப்பொருள் வழங்குதல், கழித்தல், கழித்த பீடிக்குக் கூலி ஆகியவை பற்றிய தகராறுகளைத் தீர்க்க 1966ஆம் ஆண்டுச் சட்டமே தனிப்பிரிவு ஒதுக்கியிருப்பது இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

கழிவு என்ற நடைமுறைக்குள் ஒரு முரண் உண்டு. வேலை எளியது என்றால், இவ்வளவு நுட்பமாகத் தரம் பார்ப்பது எதற்கு? ஒரு பீடி சற்றே தடித்திருப்பதைத் தொட்டவுடன் கண்டுபிடிக்கும் கணக்கருக்குத் தரம் பற்றிய தேர்ந்த அறிவு இருக்கிறது என்றால், அத்தடிப்பு வராமல் ஆயிரம் முறை சுற்றியவருக்கு அவ்வறிவு எத்தனை மடங்கு இருக்க வேண்டும்? கூலி நிர்ணயிக்கும் காலையில் திறன் இல்லை; கழிக்கும் மாலையில் திறன் போதவில்லை. ஒரே நாளுக்குள் இரண்டு அளவுகோல்.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்குக் கண்ணூர் சான்று. 1968இல் கேரள அரசு பீடித் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, மங்களூரைச் சேர்ந்த பெரிய நிறுவனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவதைவிட மூடிவிடுவது மேல் என்று வட கேரளத்திலிருந்து வெளியேறின. பல்லாயிரவர் வேலை இழந்தனர். 1969இல் அரசின் துணையோடு அவர்களே தொடங்கியது கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம். சட்டம் சொன்ன உரிமைகளைக் கொடுத்துக்கொண்டே ஒரு பீடி நிறுவனம் பல பத்தாண்டுகள் நடக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அங்குள்ள பணிக்கூடங்களில் ஒருவர் நாளிதழையும் நூல்களையும் உரக்கப் படிப்பார். மற்றவர் சுற்றிக்கொண்டே கேட்பர். படிப்பவருக்குரிய பீடியைப் பிறர் பங்கிட்டுச் சுற்றித் தருவர். கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் 19ஆம் நூற்றாண்டு முதல் இத்தகைய வாசிப்பு மரபு உண்டு. கை வேலையிலும் காது நாளிதழிலும் இருக்க முடிந்தது என்பதை வேலையின் எளிமைக்குச் சான்றாகச் சிலர் காட்டக்கூடும். தேர்ச்சி முற்றிய கைக்கு மட்டுமே மனத்தை விடுவிக்கத் தெரியும் என்பது வீணை வாசிப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் தெரிந்த உண்மை.

தினேஷின் பிற்காலமும் கவனிக்கத்தக்கது. புகைப்பழக்கத்துக்கு எதிரான விழிப்பு கூடி விற்பனை இறங்கத் தொடங்கியபோது அது உணவுப்பொருள், குடை முதலிய வேறு தொழில்களில் இறங்கியது. சுற்றும் கைகளுக்கு அடுத்த வேலையைத் தேடுவது சங்கத்தின் பொறுப்பு என்று அது கருதியது. தனியார் தரகரின் கீழ் வீட்டில் சுற்றும் பெண்ணுக்கு அப்பொறுப்பை ஏற்பவர் யார்?

இங்குதான் இரண்டாவது மறுப்பு வருகிறது. அது முதலாவதைவிட வலுவானது. பீடி உயிரைக் குடிக்கும் பொருள். இயற்கை இலையில் சுற்றியது என்பதால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்பது பொய். ஒழிய வேண்டிய தொழிலைத் திறன் என்று போற்றுவது புகையிலைக்குப் பல்லக்குத் தூக்குவதாகாதா? பீடித் தொழிலாளரின் எண்ணிக்கையைக் கேடயமாகக் காட்டி வரியையும் எச்சரிக்கைப் படத்தையும் எதிர்ப்பது இத்தொழிலின் முதலாளிகளுக்குப் பழக்கமானதுதானே?

மறுப்பின் முற்பாதி முழுதும் உண்மை. பிற்பாதிக்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. தொழிலாளரைக் கேடயமாக்க முடிவதற்குக் காரணம், அவர்களுக்கு வேறு வழி எதுவும் திறக்கப்படாததுதான். இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளருக்கும் பயிரிடுவோருக்கும் பொருளாதார வகையில் தாங்கத்தக்க மாற்றுத் தொழிலுக்கு ஆதரவளிக்க வேண்டும் என்கிறது. நடந்ததோ எதிர்த்திசையில். 1976ஆம் ஆண்டின் சட்டங்களின்படி பீடியின்மீது தீர்வை வாங்கி, அதைக் கொண்டு மருந்தகம், வீட்டு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை ஆகியவற்றை நடத்த ஒரு நலநிதி இருந்தது. 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. பீடிக்கு 28 விழுக்காடு வரி வந்தது. அவ்வரியிலிருந்து சுற்றுபவருக்கென்று தனியே ஒதுக்கப்படும் பங்கு போயிற்று. புகைப்பவரைக் காக்கும் வரி என்றால் அது வேண்டியதே. சுற்றுபவரையும் காக்கும் வரியாக அது இருந்த காலம் முடிந்துவிட்டது என்பதே குறை.

திறனை ஏற்பதும் தொழிலைச் சுருக்குவதும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ண வேண்டியதில்லை. ஆலை மூடப்படும்போது பொறியாளருக்கு அடுத்த வேலை கிடைக்கிறது. ஏனெனில் அவரிடம் இருப்பதற்கு ஒரு பெயரும் சான்றிதழும் உண்டு. முப்பது ஆண்டுகள் சுற்றிய பெண் அத்தொழிலை விட்டு வெளியே வரும்போது ‘முன் அனுபவம் இல்லை’ என்று எழுதப்படுகிறது. நுண்ணிய அளவுணர்வு, ஒரே சீரான வேகம், பொருளின் குறையைத் தொட்டறியும் தேர்வு, நாளின் வேலையைத் தானே திட்டமிடும் ஒழுங்கு ஆகிய அனைத்தும் அவள் கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் இல்லாததால் அவை இடம் மாறும் தகுதி அற்றவையாகின்றன. புகையிலையை உண்மையாகவே ஒழிக்க விரும்புவோர் முதலில் அவளுடைய திறனுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவள் வெளியேற ஒரு கதவு இருக்கும்.

இக்கேள்விக்கு இப்போது சட்ட முகமும் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 1966ஆம் ஆண்டின் தனிச்சட்டம் கரைந்து, பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் ஒரு சிறு பகுதியாகிவிட்டது. 2019ஆம் ஆண்டின் கூலித் தொகுப்போ, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது ‘திறனற்றோர், பகுதித் திறனுடையோர், திறனுடையோர், உயர்திறனுடையோர்’ என்ற வகைப்பாட்டைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அதாவது, திறன் என்ற சொல் இனி கருத்தரங்கத் தலைப்பு மட்டும் அன்று. கூலி அட்டவணையின் ஒரு நிரல். பீடிக்கு இதுவரை ‘ஆயிரத்துக்கு இவ்வளவு’ என்ற கணக்கே பெருவழக்கு. ஆயிரத்துக்குக் கூலி என்னும்போது பீடி எண்ணப்படுகிறது. சுற்றுபவர் எந்த நிரலில் நிற்கிறார் என்ற கேள்வியே எழுவதில்லை. மாநிலங்கள் அட்டவணையைப் புதிதாக எழுதும் இக்காலத்தில் அக்கேள்வியை எழுப்ப வேண்டும். இலை நறுக்கல், சுற்றல், கட்டல் ஆகியவற்றைத் திறனுடைய வேலையாக வகைப்படுத்தி, ஒரு சராசரிக் கை எட்டு மணி நேரத்தில் எத்தனை சுற்றும் என்று நேர்மையாக அளந்து, அந்த எண்ணிக்கைக்குத் திறனுடையோரின் நாள்கூலி கிடைக்கும்படி ஆயிரத்தின் விலையை வைக்க வேண்டும். கழிவுக்குக் கூலி இல்லை என்றால் பீடியும் நிறுவனத்துக்கு இல்லை என்பது விதியாக வேண்டும்.

இதில் மொழியியல் துறைக்கும் ஒரு கடமை உண்டு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கில் தொழிற்சொல் அகராதி வரிசையைத் தொடங்கி, அதன் முதல் தொகுதியை உழவுத் தொழிலுக்காக 1962இல் வெளியிட்டார்; கைத்தறிக்கும் ஒரு தொகுதி பின்னர் வந்தது. வட்டாரந்தோறும் சென்று, வேலை செய்பவரின் வாயிலிருந்தே சொல் திரட்டிய பணி அது. உழவரும் நெசவாளரும் எத்தனை நுணுக்கமாகத் தம் வேலையைப் பகுத்தறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அத்தொகுதிகளே சான்று. சொல் பல்கிக் கிடக்கும் இடத்தில் அறிவும் பல்கிக் கிடக்கும் என்பது துறையின் பாலபாடம். பீடி சுற்றும் ஊர்களிலும் இலையின் பருவத்துக்கும், தூளின் கலவைக்கும், சுற்றின் இறுக்கத்துக்கும், முனை மடிப்பின் வகைக்கும், கழிவின் காரணத்துக்கும் சொற்கள் உண்டு. முர்ஷிதாபாத் வங்காளியிலும் நிப்பாணி மராட்டியிலும் நெல்லைத் தமிழிலும் அவற்றைத் திரட்டி ஒப்பிட்டால் கிடைப்பது ஓர் அகராதி மட்டும் ஆகாது. கூலி வாரியத்தின் முன் வைக்கத்தக்க சான்றும் ஆகும். ஒரு வேலையைச் சொல்ல முப்பது நுண்சொற்கள் தேவைப்படும்போது அதை ‘எளிய வேலை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட எந்த வாரியத்தாலும் எளிதில் இயலாது.

அதற்கு முன் செய்யத்தக்க சிறு திருத்தம் ஒன்றும் உண்டு. களப்பணிக்குச் செல்லும் மாணவர் வினாப்படிவத்தில் ‘வேலைக்குப் போகிறீர்களா?’ என்று அச்சிட்டிருப்பார்கள். மடியில் தட்டோடு அமர்ந்திருக்கும் பெண் அதற்கு ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். அவள் எங்கும் போவதில்லை. அந்த ‘இல்லை’ அட்டவணையாகி, அட்டவணை ஆய்வேடாகி, ஆய்வேடு கொள்கையாகும். ‘நேற்று எத்தனை சுற்றினீர்கள், எத்தனை கழித்தார்கள்?’ என்று கேட்டால் அவளிடம் துல்லியமான விடை இருக்கும்.